பொன்முறுவல் வரும் வரை

நிதர்சன் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அதே வீட்டின் அழைப்புமணியை அழுத்தினான். தோளில் கருவிப்பை, கையில் இரண்டு கிலோ ஊட்டிக் கிழங்கு. பழுது பார்க்கப் போகிறவன் கிழங்கு வாங்கிக்கொண்டு போவது அவனுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் வாங்கும் கிழங்கில்தான் ஏதோ இருக்கிறதோ என்ற சந்தேகத்தை இன்று தீர்த்துவிட வேண்டும். மாலைக் கல்லூரியில் அவன் தர ஆய்வு படிக்கிறான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதுதான் அங்கே முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. கிழங்கை மாற்றவில்லையே என்பது முந்தின நாள்தான் உறைத்தது.

கோளாறு இதுதான். சரவணம்பட்டியில் ஒரு அடுக்ககம், ஏழாம் மாடி. சமையலறைச் சுவரில் பதித்த ‘இதம்’ ஏர் ஃப்ரையர், பண்டத்தின் பேரைச் சொன்னால் தானே பதம் பார்த்துச் சமைப்பது. சிக்கன் என்றால் சிக்கன் ஒழுங்காக வெந்து வரும், அப்பளம் என்றால் அப்பளம். உருளைக்கிழங்கு வறுவல் என்று சொன்னால் மட்டும் அது நிறுத்துவதில்லை. கிழங்கு பொன்னிறமாகி, பழுப்பாகி, கரியாகி, புகை எழும்பி, பாதுகாப்பு விசை விழுந்த பிறகே அடங்குகிறது. அதே இயந்திரத்தைக் கழற்றிப் பணிமனைக்கு எடுத்துப்போய்ப் பதினொரு முறை வறுத்துப் பார்த்தான். பதினொரு முறையும் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். அன்று மாலையே கரி.

கதவு திறந்தது.

“வாங்க தம்பி. இன்னைக்குக் கையில பையோடயா? பொண்ணு பாக்க வர்ற மாதிரி வந்திருக்கீங்க” என்றார் சௌடேஸ்வரி.

குரலில் கேலி இருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. முதல் நாள் இந்த முகத்தைப் பார்த்து அவன் மிரண்டுபோனது உண்மை. தான் ஏதோ தவறாகப் பேசிவிட்டதாக நினைத்து இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான். அவர்தான் விளக்கினார். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், முகத்தின் இரண்டு பக்கத்து நரம்புகளையும் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது. கை கால் மீண்டது, பேச்சு மீண்டது, முகம் மீளவில்லை. கோபம் வந்தாலும் குதூகலம் வந்தாலும் அதே முகம்தான். இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு பல் மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை அவர் வீட்டிலிருந்தபடியே எடுக்கிறார். “ஊரே பல்லக் காட்டறதுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கறது நாந்தான்” என்று அதையும் கேலியாகத்தான் சொன்னார்.

நாற்பத்தேழு வயது, தனியாக இருக்கிறார். இனியும் தனியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இப்போது இருக்கும் ஒரே ஆசை. அதற்குத்தான் இந்த இயந்திரம் குறுக்கே நிற்கிறது. அடுக்ககச் சங்கத்தில் ஒரு விதி. தொண்ணூறு நாளுக்குள் ஒரு சமையலறையில் மூன்று முறை புகை எழுந்தால், தனியாக வசிப்பவரின் சமையல் அனுமதி போய்விடும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால்தான் சமையலறைக்கு மின்சாரம் வரும். இன்னொரு பெரியவர் என்றால் கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அண்ணன்தான். அவர் இங்கே வர மாட்டார், தங்கையைத்தான் அங்கே கூப்பிடுவார். கூப்பிட்டும்விட்டார். மாடியறைக்குப் புது மெத்தை போட்டாகிவிட்டதாம். முகம் மாறிய தங்கையைக் கல்யாண வீடுகளுக்கு அழைத்துப் போவதில்லை என்பதையும் அவர் வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்களாம்.

இங்கே மூன்று புகையும் ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கோளாறு இயந்திரத்தில்தான் என்று நிதர்சனின் அறிக்கை சொன்னால் மூன்று புகையும் கணக்கில் வராது. நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு, கையால் நேரத்தைத் திருகி வைக்கும் பழைய மாடலை மாட்டித் தரும். கோளாறு இல்லை என்று சொன்னால் புது மெத்தைதான். இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு இயந்திரத்தின் பதிவுகள் தாமாகவே தலைமையகத்துக்குப் போய்விடும். அறிக்கையும் அதற்குள் போக வேண்டும்.

முதல் நாள் அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். ஒரு தடவை கருகியதுமே கிழங்கை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்திருக்கலாமே. சங்கச் செயலாளரும் அதையேதான் கேட்டாராம்.

“எனக்கு உதடு ஒத்துழைக்காது தம்பி. கடினமா எதாச்சும் மென்னா பாதி வெளிய வந்துரும். இந்தக் கிழங்கு உள்ள மெத்துன்னு இருக்கும், நாக்காலயே நசுக்கிக்கலாம். மேல இருக்கற மொறுமொறுப்பு காதுக்குள்ள கேக்கும். அது ஒண்ணுதான் முன்னாடி மாதிரியே இருக்குது” என்றார். “அப்பறம், நாஞ் செஞ்சதுல தப்பில்லைன்னு எனக்குத் தெரியோணுமில்ல” என்றார்.

அவர் செய்ததில் தப்பில்லை என்பதை அவனே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். இன்றும் பார்த்தான். தோல் சீவிப் பெரிய துண்டாக நறுக்கி, மாவுச்சத்துப் போகக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டார். உப்பும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போட்டு, கத்தி இறங்கும் அளவுக்கு மட்டும் வேகவைத்து வடித்தார். மூடி போட்டுக் குலுக்கினார், விளிம்பெல்லாம் பஞ்சு மாதிரி உதிர்ந்து நின்றது. அந்தப் பஞ்சுதான் பிறகு மொறுமொறுப்பாகும். எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள், ஒரு ஸ்பூன் அரிசிமாவு. கூடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினார். நிதர்சன் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். பணிமனையில் அவன் செய்தது இதே முறை. இப்போது கிழங்கும் அங்கே வறுத்த அதே ஊட்டிக் கிழங்கு.

புகை எச்சரிக்கையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் மண்டியிட்டு வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தான். இருநூறு டிகிரி, ஒரு டிகிரி கூடக் குறையக் காணோம். இருபதாவது நிமிடம் பொன்னிறம். வாசம் அவனுக்கே நாவில் நீர் ஊற வைத்தது. வேகும்போது கூடையை இழுக்க முடியாது, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று பூட்டு வைத்திருக்கிறார்கள். பாதியில் நிறுத்தச் சொன்னாலும் கேட்காது, சுவரில் பதித்ததால் பிளக்கைப் பிடுங்கவும் வழியில்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். முப்பத்து நான்காவது நிமிடம் விசை விழுந்தது. கரி.

இனி மாற்றிப் பார்க்க எதுவுமில்லை. தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நோட்டை முதலிலிருந்து படித்தான். கிழங்கு, தண்ணீர், உப்பு, மின்னழுத்தம், எல்லாம் ஒன்று. பணிமனையில் இருந்தது, இங்கே இல்லாதது என்ன? யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அங்கே ஒவ்வொரு முறையும் வாசம் பிடித்து யாராவது ஒருவர் மூக்கை நீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்கள். அது எப்படிக் காரணமாகும்? எழுதவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினான்.

பால்கனிக்குப் போய்ச் சென்னைத் தலைமையகத்துக்குப் போன் போட்டான். இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த பிரிவின் தலைவி பெனாசிர். அவன் நோட்டின் கடைசி வரியைத் தயங்கித் தயங்கிப் படித்ததும், மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தமும் கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டன.

“நிதர்சன், இதை அறிக்கையில விவரமா எழுதக் கூடாது. சரியா?” என்றாள். “மெஷினுக்கு அச்சான சமையல் குறிப்பு எல்லாம் படிக்கக் கொடுத்தோமில்ல, லட்சக்கணக்குல. உருளைக்கிழங்கு வறுவல்னா அத்தனையிலும் ஒரே வரி. பொன்முறுவலாகும் வரை வறுக்கவும். அது அகராதியைப் பார்த்திருக்கு. முறுவல்னா என்ன அர்த்தம்?”

“மொறுமொறுன்னு ஆகறதுங்க.”

“அகராதியில சிரிப்புன்னு இருக்கு. புன்சிரிப்பு.”

அவனுக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி இருந்தபோது, தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது.

“குழந்தைங்க கிட்ட வந்தா பூட்டறதுக்காக முன்பக்கம் ஒரு கேமரா இருக்கில்ல? அது வழியா எதிர்ல நிக்கறவங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும். சிரிப்பு வந்தா நிறுத்தும். வறுவல் ஆகும்போது பக்கத்திலேயே இருக்கவும்னு கையேட்டுல போட்டிருக்கறது அதுக்குத்தான். பாதுகாப்புக்குன்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க.”

“இது தப்பில்லீங்களா?”

“தப்புதான். ஆனா அந்தத் தப்பு சரியா வேலை செஞ்சிடுச்சு. கிழங்கு பதத்துக்கு வர்ற நொடியில வாசம் மாறும். நிக்கறவங்க முகத்துல தானா ஒரு சின்ன அசைவு வரும். அவங்களுக்கே தெரியாது. எந்த வெப்பமானியும் அவ்வளவு துல்லியமா பதம் சொல்லாது. எங்களுக்கு விஷயம் தெரிஞ்சப்போ ஏழு மாசம் ஓடிடுச்சு. இப்படி ஒரு வறுவல் சாப்பிட்டதே இல்லைன்னு ஊரே எழுதுது. எடுத்துடலாம்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?”

“சிரிக்க முடியாதவங்க இருந்தா?”

“அப்படி ஒருத்தர் இருப்பாங்கன்னு நாங்க நினைக்கலை” என்றாள். பிறகு குரலைச் சமன்செய்துகொண்டு வழி சொன்னாள். அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ‘இயந்திரத்தால் இயலவில்லை’, ‘பயன்படுத்துபவர் ஒத்துழைக்கவில்லை’. அந்த அம்மாவின் முகத்தை இயந்திரத்தால் படிக்க முடியவில்லை என்பதற்கு, பொறியாளர் முன்னிலையில் மூன்று சோதனை போதும். மூன்றிலும் அவர் மட்டுமே கேமராவின் எதிரில் நிற்க வேண்டும், மூன்றும் கருக வேண்டும். அவன் முதல் கட்டத்தில் குறி போட்டால் அவள் கேள்வி கேட்காமல் கையெழுத்திடுவாள்.

உள்ளே வந்து சொன்னான். எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தை மூன்று விதமாக அமைத்துப் பார்த்து, கடைசியில் அமைத்த எதையும் சொல்லாமல் நேராகவே சொன்னான். சௌடேஸ்வரி இயந்திரத்தை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார்.

“அப்ப இத்தன நாளா நான் சிரிப்பனா சிரிப்பனான்னு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னிருக்குது. பாவம்” என்றார். “எங்கண்ணன் மாதிரியே.”

அவர் கேலி செய்கிறாரா, உடைந்துபோனாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் இதையெல்லாம் தெரிந்துகொள்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. அவன் தவித்ததைக் கண்டோ என்னவோ, அவர் பீரோவைத் திறந்து ஒரு படத்தை எடுத்துவந்தார். காய்ச்சலுக்கு முன்னால் யாரோ ஒருவரின் வளைகாப்பில் எடுத்தது, வாய் நிறையச் சிரிப்பு. அதைக் கேமராவின் எதிரில் ஒட்டிப் பார்க்கலாமே என்றார். விதிப்படி அது சோதனையில் சேராது என்று அவன் சொன்னான். சேராவிட்டால் போகிறது, பார்த்துவிடலாம் என்றார். கூடை உள்ளே போய் இரண்டாவது நிமிடமே மணியடித்து, பொன்முறுவல் வந்துவிட்டது என்று இயந்திரம் அறிவித்தது. கிழங்கு பச்சையாகக் கிடந்தது. “அந்தக் காலத்துல எனக்கு அவசரம் ஜாஸ்தி” என்றார் சௌடேஸ்வரி. நிதர்சன் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று பிறகு யோசித்தான்.

காலையில் கருகியதை முதல் சோதனையாக எழுதினான். அவன் பக்கவாட்டில் இருந்தான், கேமராவின் எதிரில் நின்றவர் அவர்தான். இரண்டாவது மதியம் இரண்டரைக்கு. அதுவும் கரி. இரண்டு முறையும் அவனுடைய கைப்பலகைத் திரைக்கு இயந்திரம் அனுப்பிய பதிவு ஒன்றே: ‘முறுவல் காணப்படவில்லை.’

நான்கு மணிக்கு மூன்றாவது கூடை உள்ளே போனது. அவன் கூடத்தின் கோடியில், ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டான். கேமராவுக்குத் தன் நிழல்கூடத் தெரியக் கூடாது. சௌடேஸ்வரி இயந்திரத்தின் முன் நின்றபடியே, நேரம் போவதற்காக அன்று காலை வந்த அழைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒருவர் தன் மாமியாருக்கு நேரம் கேட்டிருக்கிறார். எந்தப் பல் வலிக்கிறது என்று இவர் விசாரித்திருக்கிறார்.

“வலியெல்லாம் இல்லீங்க, எல்லாத்தையும் எடுத்துருங்கங்கறாரு. எல்லாத்தையுமான்னு கேட்டா, ஆமாங்க, அப்படியே நாக்கையும் பாத்துவிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்ங்கறாரு. பின்னாடியே ஒரு பொம்பளக் குரலு, யாருகிட்டங்க மாப்ள பேசறீங்கன்னு. இந்த மனுசன் டக்குன்னு, உங்களுக்கு நேரம் சரியில்லையாம் அத்தைன்னு சொல்லிப் போன வெச்சுட்டாரு.”

நிதர்சன் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் மணியடித்தது.

“பொன்முறுவல் வந்துவிட்டது” என்றது இயந்திரம்.

திரும்பிப் பார்த்தபோது கூடைப் பூட்டு திறந்திருந்தது. உள்ளே துண்டங்கள் ஒரே சீராகப் பொன்னிறத்தில், விளிம்பெல்லாம் பொரிந்து, மெல்லச் சடசடத்துக்கொண்டிருந்தன. அவன் கைப்பலகையைப் பார்த்தான். நம்பாமல் மறுபடி பார்த்தான். தான்தான் எங்கோ குளறுபடி செய்துவிட்டோம் என்று நினைத்து, நின்ற இடத்துக்கே திரும்பப் போய் நின்று, கேமரா அந்த இடத்தைப் பார்க்கிறதா என்று சோதித்தான். பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிப்பு? கோணம் ஒத்துவரவில்லை. எவர்சில்வர் பாத்திரங்கள்? எல்லாம் அலமாரிக்குள் இருந்தன. காட்சியில் இருந்தது ஒரே ஒரு முகம்.

“என்னங்க தம்பி, வேற யாராச்சும் சிரிச்சாங்களா?” என்றார் அவர்.

“நீங்கதான் சிரிச்சிருக்கீங்கன்னு போட்டிருக்குங்க.”

அவர் கை மெதுவாக உயர்ந்து கன்னத்துக்குப் போனது.

“எந்தப் பக்கங்க?”

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. கைப்பலகையைத் தள்ளித் தள்ளித் தேடினான். “இடது. இடது கண்ணோரம்.”

விரல்கள் இடது கண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தன. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. படம் இருக்கிறதா என்று கேட்டார். இயந்திரம் படங்களைச் சேமிப்பதில்லை, வரியை மட்டும்தான் எழுதிவைக்கும் என்று அவன் சொன்னான். டாக்டரிடம் காட்டலாம், நரம்பு திரும்ப முளைக்கிறதோ என்னவோ என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். படிவத்தின் இரண்டு கட்டங்களும் கண் முன்னால் வந்து நின்றன. இந்த ஒரு வரி தலைமையகத்துக்குப் போனால், இயந்திரத்தால் அவர் முகத்தைப் படிக்க முடியும் என்றாகிவிடும். படிக்க முடியும் என்றால்...

அவரே முடித்தார். “அப்ப அந்த மூணு தடவையும் நான் வேணும்னே உம்முன்னு நின்னேன்னு ஆயிரும்.”

“ஒத்துழைக்கலைன்னு ஆகுங்க.”

“மணி என்ன?”

“நாலு முப்பத்தஞ்சு.”

பொறியாளர் நினைத்தால் ஒரு சோதனையை ஐந்து மணிக்குள் ரத்து செய்யலாம், காரணம் எழுத வேண்டும். நான்கு வருட வேலையில் அவன் ஒரு பதிவைக்கூட ரத்து செய்ததில்லை. எண் பொய் சொன்னால் அதற்கப்புறம் எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்று வகுப்பில் வாதாடியவன் அவன். இப்போது அந்த வரி பொய்யா மெய்யா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. இயந்திரம் தவறாகப் பார்த்திருந்தால் அழிப்பதில் தப்பில்லை. சரியாகப் பார்த்திருந்தால், மூன்று வருடத்தில் இந்த முகம் சிரித்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி இதுதான்.

“நீங்க சொல்லுங்கக்கா” என்றான். அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. “இதை டாக்டர்கிட்ட காட்டணும்னா...”

“காட்டலாம் தம்பி. கோபியில உக்காந்துட்டுத்தான் காட்டோணும்.” அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மாடியறையில உக்காந்து எதப் பாத்துச் சிரிக்கறது? அழிச்சிருங்க.”

அவன் ரத்து என்ற சொல்லின் மேல் விரலைக் கொண்டுபோனான்.

“இருங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒருக்காப் படிங்க. சத்தமா.”

அவன் படித்தான். “நான்கு மணி இருபத்தொன்று. முறுவல் காணப்பட்டது. இடது கண்ணோரம். உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.”

“இன்னொருக்கா.”

இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இமைகள் முழுதாக மூடாது, நடுவே வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. முடிந்ததும் தலையை ஆட்டினார். அவன் ரத்து செய்தான். காரணம் என்ற இடத்தில் ‘பொறியாளரின் பிழை’ என்று எழுதினான். அறிக்கையில், மூன்றாவது சோதனை, பதிவு சேரவில்லை, கிழங்கு கருகியது, இயந்திரத்தால் இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான். மணி நான்கு ஐம்பத்திரண்டு.

எழுதியதில் எது பிழை, எது பொய் என்று பிரித்துப் பார்க்க முயன்றான். முடியவில்லை. நிமிர்ந்து அவருடைய இடது கண்ணோரத்தைப் பார்த்தான். அங்கே அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

சௌடேஸ்வரி எழுந்துபோய்க் கூடையைத் தட்டில் கவிழ்த்தார். ஒரு துண்டை எடுத்து, கீழுதட்டை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கடித்தார். அந்த மொறுமொறுப்பு அவன் நின்ற இடம்வரை கேட்டது. தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க தம்பி. கருகிப்போச்சுன்னு எழுதியாச்சுல்ல. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது.”